பாதணி களைதலும் பர்மிய வாலிபரும்

ஆலய வாயிலிற் பாதணியைக் களைந்து உட்புகுதல் நாம் குழந்தைப் பருவந்தொட்டுக் கைக்கொள்ளும் வழக்கமாகும். அதன் பொருள் யாதென நம்மிற் பலர் சிந்திப்பதில்லை. அப்பொருளைக் காக்கவே ஒரு நாட்டின் வாலிபர் போராடிய வரலாறுண்டு. இன்று மியன்மார் எனப்படும் பர்மாவே அந்நாடு.

பர்மிய மன்னரைக் காணச் செல்வோர் சப்பாத்தைக் கழற்றித் தரையில் அமர்தல் மரபு. ஆங்கிலத் தூதுவரும் அவ்வாறே செய்துவந்தனர். 1875 இல் போர்சைத் என்னுந் தூதர் சென்று மீண்டபின், அது தமக்கு இழிவென ஆங்கில அரசாங்கம் மறுத்தது. மன்னரும் மரபை விட்டுக்கொடுத்தாரில்லை. ஆகவே அரசரும் ஆங்கிலப் பிரதிநிதியும் நேரிற் காண்பதே நின்றுபோயிற்று. 1885 இல் மாந்தளை வீழ்ந்தது. திபோ மன்னர் இரத்தினகிரிக்கு நாடு கடத்தப்பட்டார்.

அரசவையிற் சப்பாத்தைக் கழற்ற மறுத்தவர்கள், நாட்டைக் கைப்பற்றியபின் வழிபாட்டிடங்களிலும் கழற்ற மறுத்தனர். பர்மியர் வெறுங்காலுடன் வலம்வரும் பகோடா முன்றில்களில் ஐரோப்பியர் சப்பாத்துடன் உலாவினர். 1916 இல் புரோம் நகர வழக்கறிஞர் ஊ தெயின் மாங் இதனை எதிர்த்துக் குரலெழுப்பினார். 1906 இல் தோன்றிய பர்மியப் பௌத்த வாலிபர் சங்கம் இதனைத் தன் கிளர்ச்சியாக ஏற்றது. 1898 இல் நம் கொழும்பில் எழுந்த சங்கத்தின் பெயரையே அதுவும் தாங்கியிருந்தது. லெடி சயடோ என்னும் பெருந்துறவி இதுபற்றி நூலொன்று எழுதினார். 1919 இல் மாந்தளையிற் சப்பாத்துடன் நுழைந்தோரைத் துறவிகள் சிலர் பலவந்தமாக வெளியேற்ற முனைந்தனர். அவர்தம் தலைவருக்கு ஆயுட்சிறை கிடைத்தது. எனினும், பகோடாவுள் எவ்வாறு நுழைதல் வேண்டுமெனத் தீர்மானிக்கும் உரிமை அதன் பொறுப்பாளருக்கே உரியதென அவ்வாண்டிலேயே அரசாங்கம் இணங்கியது.

இறைவன் சந்நிதியில் யாவரும் ஒருங்கே பாதணி களைவது பணிவு. ஒருவன் முன் மற்றொருவன் களையுமாறு வற்புறுத்தப்படுவது அடிமைத்தனம். இவ்வேறுபாட்டைத் தமிழரும் மறந்ததுண்டு. 1930 இல் இராமநாதபுர மாவட்டத்தில் தாழ்த்தப்பட்ட மக்கள்மீது சாதித் திமிர் விதித்த தடைகளுள், அவர்கள் குடை பிடித்தலும் செருப்பணிதலும் ஆகா என்பதும் ஒன்றாகும். வெயிலில் வெந்த அப்பாதங்களில் பக்தி இல்லை. பிறர் இழைத்த கொடுமையே இருந்தது.

ஆதலின், இளைஞர்காள்! ஆலய வாயிலில் விருப்புடன் பாதணியைக் களைவோம். எந்த மனிதனையும் நம்முன் வெறுங்காலுடன் நிற்கச் செய்யோம் என்னும் உறுதியையும் அவ்வாயிலிலேயே பூணுவோமாக.