பழைய ஆட்டமும் புதிய பொறியும்

விளையாட்டு என்பது வரலாற்றாசிரியர் பெரிதும் போற்றாத பொருள். அரசும் போரும் வரியும் ஏடுகளில் இடம்பெறும். சிறுவர் கடற்கரை மணலிற் கீறிய கோடு அடுத்த அலையோடு அழியும். ஆயினும், கோடு அழிந்தாலும் அதன்மேல் ஆடிய ஆட்டம் அழிவதில்லை. பல்லாங்குழிக்குப் பதினான்கு குழிகளும் சில பிடி புளியங்கொட்டையும் போதும். நாயும் புலியும் என்னும் ஆட்டத்துக்குத் தரையிற் கீறிய கோடுகளும் சில கற்களும் போதும். 1909ஆம் ஆண்டில் வெளியான ‘பண்டைய இலங்கை’ என்னும் ஆங்கில நூலில் ஹென்றி பாக்கர் இந்நாட்டுக் கிராமிய ஆட்டங்கள் பலவற்றைப் பதிந்து வைத்தார். விதி தெரிந்த ஒருவர் அவற்றை இன்றும் ஆடலாம்.

கல்முனை, மருதமுனை, சாய்ந்தமருது, நிந்தவூர், அக்கரைப்பற்று எனத் தொடரும் கரையோர ஊர்களில், கடந்த நூற்றாண்டின் இறுதிக் காற்பகுதியில் வேறொரு வகை விளையாட்டு வந்து சேர்ந்தது. இலங்கையில் தொலைக்காட்சி ஒளிபரப்பு 1979இல் தொடங்கிற்று. ரூபவாஹினி 1982இல் தன் சேவையை ஆரம்பித்தது. 1977இன் பின் இறக்குமதிக் கட்டுப்பாடுகள் தளர்ந்தமையும், மத்திய கிழக்கு நாடுகளில் உழைத்தோர் பொருள்கள் கொண்டுவந்தமையும் தொலைக்காட்சிப் பெட்டி வீடுகளுக்குட் புகக் காரணமாயின. பெட்டியின் பின்னே அதனோடு பொருத்தி ஆடும் பொறியும் வந்தது. கன்சோல் என்பது அதன் நூல்வழக்கு. ‘டீவி கேம்’ என்பதே சிறுவர் வழக்கு. அதிற் செருகும் பேழை ‘கசெட்’ எனப்பட்டது.

புதிய பொறியின் ஆட்டமே சிறந்தது, பழையது கழிபடத்தக்கது என்பது பொதுவான எண்ணம். படத்தின் தெளிவையும் நிறத்தின் மிகுதியையும் மட்டும் அளவுகோலாகக் கொள்வதால் எழுந்த எண்ணம் இது. சில பொறிகளையும் ஆட்டங்களையும் ஒப்புநோக்கின் இதன் குறை புலனாகும்.

வீட்டுப் பொறிகளுள் முதலாவது, றால்ப் பேயரின் முயற்சியால் 1972இல் அமெரிக்காவில் வெளிவந்த மக்னவொக்ஸ் ஒடிசி. அதனால் ஒளிப்புள்ளிகளையும் ஒரு கோட்டையும் மட்டுமே காட்ட இயலும். ஆகவே ஆடுகளத்தின் படத்தை ஒளி ஊடுருவும் தாளில் அச்சிட்டுத் திரைமீது ஒட்டினர். அதே ஆண்டில் அட்டாரி நிறுவனம் வெளியிட்ட பொங் ஆட்டத்தில் இரு மட்டைகளும் ஒரு பந்துமே இருந்தன. காண்போர் கணப்பொழுதில் விதியை உணர்ந்தனர். அதுவே அதன் வெற்றி.

1978இல் ஜப்பானியரான தொமொஹிரோ நிஷிகாடோ ஆக்கிய ஸ்பேஸ் இன்வேடர்ஸ், பொறியின் குறை ஆட்டத்தின் நிறைவாக மாறியமைக்குச் சான்று. திரையில் எதிரிகள் பலர் நிற்கும்போது பொறி மெதுவாக இயங்கும். அவர்கள் வீழ வீழ அதன் சுமை குறைந்து எஞ்சியோர் விரைவர். நிஷிகாடோ இதனைத் திருத்தாது விட்டார். முடிவு நெருங்க நெருங்க ஆடுவோனின் நெஞ்சு பதைப்பதற்கு இதுவே காரணமாயிற்று.

ஓர் ஆட்டம் பொறி மாறும்போது சிதைவதும் உண்டு. 1980இல் ஜப்பானிற் பிறந்த பக்மானை அட்டாரி 2600 என்னும் வீட்டுப் பொறிக்கு 1982இல் மாற்றினர். அப்பொறியின் நினைவகம் 128 பைற்று மட்டுமே. பேய்கள் நான்கையும் ஒருங்கே காட்ட இயலாமையால் அவை மினுங்கி மினுங்கித் தோன்றின. வாங்கியோர் பலர் ஏமாற்றமுற்றனர். அதே ஆண்டில் ஏறத்தாழ ஐந்து வாரங்களில் அவசரமாகச் செய்யப்பட்ட ஈ.ரீ. ஆட்டத்தின் விற்காத பேழைகள், பிறவற்றோடு 1983இல் நியூ மெக்சிகோப் பாலைநிலத்திற் புதைக்கப்பட்டன, 2014இல் அகழ்ந்தெடுக்கப்பட்டன. முப்பத்தோராண்டில் ஒரு விளையாட்டுப் பொருள் தொல்பொருளாயிற்று.

அட்டாரி வீழ்ந்த காலத்தில் ஜப்பானின் நின்டெண்டோ நிறுவனம் எழுந்தது. அதன் பமிக்கொம் பொறி 1983இலும், சுப்பர் மாரியோ பிரதர்ஸ் ஆட்டம் 1985இலும் வெளிவந்தன. மாரியோவின் உலகம் முழுவதும் 40 கிலோபைற்றுள் அடங்கியது. வானத்து மேகமும் தரையிலுள்ள புதரும் ஒரே உருவமே. நிறம் மட்டும் வேறு. சிக்கனம் கலையாக மாறிய இடம் அது. பமிக்கொமைப் பின்பற்றித் தாய்வானிலும் சீனாவிலும் உரிமமின்றிச் செய்யப்பட்ட மலிவான பொறிகள் தெற்காசியாவெங்கும் பரவின. சில கசெட்டுகளின் மேல் 9,99,999 ஆட்டங்கள் என்று அச்சிட்டிருக்கும். உள்ளே சில ஆட்டங்களே மீண்டும் மீண்டும் வரும். எண் பொய்யாயினும் இன்பம் மெய்யே.

1983 முதல் 2009 வரை நீடித்த போர்க்காலத்திற் கிழக்கு மாகாணத்தில் மின்சாரம் அடிக்கடி தடைப்பட்டது. அத்தகைய சூழலை எண்ணுவோர்க்கு நின்டெண்டோவின் கேம் போய், சேகாவின் கேம் கியர் என்னும் கைப்பொறிகளின் ஒப்பீடு நன்கு விளங்கும். 1989இல் வந்த கேம் போய்க்கு நிறமில்லை. ஆயினும் நான்கு சிறு பற்றரிகளில் பல மணி நேரம் இயங்கும். 1990இல் வந்த கேம் கியர் நிறத்தோடு ஒளிரும். ஆனால் ஆறு பற்றரிகளைச் சில மணி நேரத்தில் விழுங்கிவிடும். வென்றது நிறமற்றதே. அதற்குத் துணைநின்ற டெட்ரிஸ், 1984இல் மொஸ்கோவில் அலெக்சி பஜித்நொவ் ஆக்கியது. அவர் முதலிற் பயன்படுத்திய கணினியிற் படம் வரையும் வசதியே இல்லை. அடைப்புக்குறிகளைக் கொண்டு கட்டைகளைக் காட்டினார். எப்பொறிக்கு மாற்றினும் அவ்வாட்டம் குன்றவில்லை. அதன் உயிர் விதியில் இருந்தமையே காரணம்.

புதியவற்றின் சிறப்பையும் மறைத்தல் முறையன்று. 1994இல் வந்த பிளேஸ்டேஷன் குறுந்தட்டைக் கொண்டு விரிந்த கதைகளுக்கு இடமளித்தது. 2017இல் வெளிவந்த ‘செல்டா: பிரெத் ஒப் த வைல்ட்’ பெருநிலம் ஒன்றைத் திறந்துவிட்டு, விரும்பிய திசையிற் செல்லும் உரிமையை ஆடுவோனுக்குக் கொடுத்தது. இது பழைய பொறிகளுக்கு எட்டாத பேறு. ஆனால் புதியவற்றின் நிலைபேறு ஐயத்துக்குரியது. 100 கிகாபைற்றைத் தாண்டும் ஆட்டங்கள் உள. அவை பெரும்பாலும் இணையம் வழியாகவே வந்து சேர்கின்றன. 2014இல் வெளியான ‘த குரூ’ என்னும் ஆட்டத்தின் வழங்கிகள் 2024 மார்ச்சில் நிறுத்தப்பட்டபோது, காசு கொடுத்து வாங்கியோராலும் அதனை ஆட முடியவில்லை. அமெரிக்காவில் வெளியான பழைய வீடியோ விளையாட்டுக்களுள் 87 வீதமானவை இன்று விற்பனையில் இல்லை என 2023ஆம் ஆண்டின் ஆய்வொன்று காட்டிற்று. பல்லாங்குழியை நிறுத்த எந்நிறுவனத்தாலும் இயலாது.

இவ்வுண்மை கல்முனைக் கரையோரத்துக்கு வெறும் தத்துவமன்று. 2004 டிசம்பர் 26ஆம் நாள் வந்த ஆழிப்பேரலை அம்பாறை மாவட்டத்திற் பத்தாயிரத்துக்கு மேற்பட்ட உயிர்களைக் கவர்ந்தது. இலங்கையில் உயிரிழப்பு மிக்க மாவட்டம் இதுவே. உயிரிழப்பின் முன் விளையாட்டுப் பொருளின் இழப்பு பேசத்தக்கதன்று. எனினும், வீடுகளோடு நிழற்படமும் நூலும் பொம்மையும் போன இடத்தில், ஒரு தலைமுறையின் இளமைக்குச் சான்றாக நிற்பது மனித நினைவு ஒன்றே.

அன்று தொலைக்காட்சியின் முன் முறைவைத்து ஆடிய சிறுவர் இன்று நடுவயதினர். மணலிற் கோடு கீறி ஆடிய அவர்தம் மூத்தோரிற் பலர் முதுமையுற்றுள்ளனர். எப்பொறி ஊருக்கு வந்தது, எவ்வாட்டத்துக்கு என்ன பெயர் இட்டனர், ஒரு பொறியைப் பலர் எவ்வாறு பகிர்ந்தனர், எந்தப் பழைய ஆட்டம் அதனால் ஒதுங்கிற்று என்பனவற்றைக் கேட்டு எழுதுவதற்குப் பெருஞ்செலவு வேண்டியதில்லை. ஒரு குறிப்பேடும் பொறுமையும் போதும். ஒலுவிலில் உள்ள தென்கிழக்குப் பல்கலைக்கழகமும், ஊர்தோறும் உள்ள பாடசாலைகளும் இப்பணிக்கு அண்மையிலேயே உள்ளன. பாக்கர் எழுதிவைத்தமையால் நூறாண்டுக்கு முந்திய ஆட்டங்களின் விதி எஞ்சியது. நாற்பது ஆண்டுக்கு முந்திய ஆட்டங்களின் கதை எஞ்சுமோ என்பது, இன்று கேட்போரையும் எழுதுவோரையும் பொறுத்தது.