பொயிண்ட் குக்: வெறுங்காணியில் வந்த ஊரா?

சில மாதங்களுக்கு முன் பொயிண்ட் குக்கில் ஒரு குடிபூரலுக்குப் போயிருந்தேன். பால் காய்ச்சி, சாப்பாடும் முடிந்தபின் நாங்கள் சிலர் பின்வளவில் கதிரை போட்டுக் கதைத்துக்கொண்டிருந்தோம். வீட்டுக்காரர் அந்தப் பக்கத்தை நெடுங்காலமாக அறிந்தவர். "அண்ணை, நான் முதல் வரேக்க இஞ்ச ஒண்டுமே இல்லை. வெறுங்காணி. புல்லும் காத்தும்தான்" என்றார். எல்லோரும் தலையாட்டினோம். நானும் ஆட்டினேன்.

வீடு திரும்பும் வழியில்தான் அந்தச் சொல் உறுத்தத் தொடங்கியது. வன்னியிலும் கிழக்கிலும் அரசு குடியேற்றத் திட்டங்களைக் கொண்டுவந்தபோது "ஆளில்லாக் காடு" என்றுதான் சொல்லப்பட்டது. 1980களில் மணலாற்றிலிருந்து எங்கள் சனம் துரத்தப்பட்டது. மணலாறு வெலிஓயா ஆனது. அப்படியான ஒரு சொல்லை நாங்களே இன்னொரு நிலத்தைப் பார்த்துச் சொல்லலாமா? ஆகவே இந்த ஊரின் கதையைக் கொஞ்சம் தேடிப் பார்த்தேன். வாசகர்களோடு அதைப் பகிர்ந்துகொள்வதே இக்கட்டுரையின் நோக்கம்.

பெயர் வந்த கதை

பொயிண்ட் குக் மெல்பேர்ண் நகர மையத்திலிருந்து தென்மேற்கே ஏறக்குறைய 22 கிலோமீற்றரில், போர்ட் பிலிப் குடாவின் கரையில் இருக்கிறது. பெயரைக் கேட்டதும் பலர் கப்டன் ஜேம்ஸ் குக்கை நினைப்பார்கள். அவருக்கும் இதற்கும் சம்பந்தமில்லை. 1836 இல் 'ரட்டில்ஸ்னேக்' என்ற கப்பலில் கப்டன் வில்லியம் ஹொப்சன் இந்தக் குடாவை அளந்து படம் வரைந்தார். அந்தக் கப்பலில் வேலை செய்த ஜோன் குக் என்ற மேற்றின் பெயரைத்தான் இந்தக் கடல்முனைக்கு வைத்தார்கள். அவர் பெயரின் கடைசியில் இருந்த 'ஈ' என்ற ஆங்கில எழுத்து காலப்போக்கில் ஊர்ப்பெயரிலிருந்து விழுந்துபோயிற்று. 2002 இல் கரையோரக் கடற்பரப்பைச் சரணாலயம் ஆக்கியபோது அதன் பெயரில் மட்டும் அந்த எழுத்தை வைத்துக்கொண்டார்கள்.

ஹொப்சன் பெயர் வைக்க முன்னர் இந்த மண்ணுக்கு ஆட்கள் இல்லாமல் இல்லை. குலின் மக்களைச் சேர்ந்த பூனுரொங் இனத்தாரின் ஒரு குடியான யலுக்கிட் வில்லம், வெரிபி ஆற்றிலிருந்து வில்லியம்ஸ்டவுண் ஊடாக சென் கில்டா வரைக்குமான கரையைத் தங்கள் நிலமாகக் கொண்டிருந்தது. கடலில் சிப்பியும் மீனும், சமவெளியில் மூர்னொங் என்ற கிழங்கும் அவர்களது சாப்பாடு. அந்தக் கிழங்கைப் பெண்கள் தடியால் கிண்டி எடுப்பார்கள். கிண்டக் கிண்ட மண் இளகி, அடுத்த முறை இன்னும் நன்றாக விளையும். இதையும் ஒரு தோட்டச் செய்கை என்றே சொல்ல வேண்டும். வேலி இல்லாதபடியால் வந்தவர்களின் கண்ணுக்கு அது தோட்டமாகத் தெரியவில்லை.

1835 இல் ஜோன் பட்மன் என்பவர் போர்வை, கத்தி, கண்ணாடி, மா முதலியவற்றைக் கொடுத்து, குலின் மூப்பர்களிடம் ஏறக்குறைய 600,000 ஏக்கர் நிலத்தை வாங்கிவிட்டதாக ஓர் ஒப்பந்தம் எழுதினார். ஏமாற்று வேலைதான். ஆனாலும் நிலத்துக்குச் சொந்தக்காரர் உண்டு என்பதை அந்தக் கடதாசி ஒப்புக்கொண்டது. அதே ஆண்டு ஓகஸ்டில் ஆளுநர் போர்க் அதைச் செல்லாது என்று பிரகடனம் செய்தார். பூர்வகுடிகளிடம் வாங்க முடியாது, நிலம் முழுவதும் முடிக்கு உரியது என்பது அதன் பொருள். எங்களுடைய வீட்டுக்காரர் சொன்ன "வெறுங்காணி" அன்றைக்கே சட்டமாகிவிட்டது.

ஆடு, பிளேன், உப்பு

பிறகு ஆடுகள் வந்தன. ஆடுகள் மூர்னொங்கை வேரோடு மேய்ந்து சில வருடங்களுக்குள் அழித்துவிட்டன. சோற்றுப் பானை போனால் சனம் எப்படி இருக்கும்? நோயும் வன்முறையும் மீதியைச் செய்தன. ஸ்கொட்லாந்திலிருந்து 1839 இல் வந்த தோமஸ் சேர்ன்சைட்டும் அவர் சகோதரர் அன்ட்ருவும் இந்தப் பக்கத்தில் பெரும் பண்ணையாளர்கள் ஆனார்கள். 1857 இல் கட்டிய கருங்கல் வீடு இன்றைக்கும் கரையோரப் பூங்காவில் நிற்கிறது. வேட்டைக்கென்று சிவப்பு மான்களை இறக்குமதி செய்தார்கள். 1874 இல் அன்ட்ருவின் 'ஹரிகொற்' என்ற குதிரை மெல்பேர்ண் கிண்ணத்தை வென்றது.

அதன்பின் பிளேன். 1912-13 இல் அரசாங்கம் கரையோரக் காணியை வாங்கி விமானப் பயிற்சிப் பாடசாலை அமைத்தது. 1914 மார்ச் 1 ஆம் திகதி எரிக் ஹரிசன் அங்கிருந்து பறந்தார். அதே ஆண்டு ஓகஸ்டில், முதலாம் உலகப்போர் தொடங்கி இரண்டு கிழமைக்குள், நாலே நாலு மாணவர்களுடன் முதல் வகுப்பு ஆரம்பமாயிற்று. 1921 இல் பிறந்த அவுஸ்திரேலிய விமானப்படைக்கு இதுவே தாய்வீடு. பலாலி என்றால் என்னவென்று அறிந்த எங்களுக்கு விமானப்படைத் தளம் என்ற சொல் கேட்டதுமே நெஞ்சு திக்கென்கும். 1990 இல் வலிகாமம் வடக்கிலிருந்து கையில் கிடைத்ததோடு ஓடியவர்கள் எங்களுக்குள்ளும் இருக்கிறார்கள். இங்கே பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு போய் அந்தத் தளத்து அருங்காட்சியகத்தில் பழைய பிளேன் காட்டுகிறோம்.

இன்னொரு தொழில் உப்பு. பொயிண்ட் குக் கரையில் சீத்தம் கம்பெனியின் உப்பளங்கள் பல பத்தாண்டுகள் இயங்கின. மெல்பேர்ணின் மேற்கில் மழை குறைவு, வெயிலும் காற்றும் தாராளம். கடல்நீரைப் பாத்திக்குப் பாத்தி மாற்றிக் காய விட்டு, கடைசிப் பாத்தியில் உறையும் உப்பை வாரி எடுப்பார்கள். ஆனையிறவில் நடந்ததும் இதே வேலைதான். ஆனையிறவு உப்பளம் 1990 இல் போரால் நின்றது. இங்கே போர் இல்லை. காணி விலைதான் ஏறியது.

ஏரியும் கோல்வ் மைதானமும்

உப்பளக் காணியில் ஒரு பகுதி, ஏறக்குறைய 420 ஹெக்டேயர், சீத்தம் ஈரநிலம் என்ற பறவைகள் புகலிடமாயிற்று. இன்னொரு பகுதியில் 1990களின் இறுதியில் 'சாங்சுவரி லேக்ஸ்' எழுந்தது. ஒழுங்கை, ஏரி, வீட்டின் முகப்பு எல்லாம் முதலே படத்தில் வரைந்து, அதற்குப் பிறகு விற்ற குடியிருப்பு அது. நடுவில் உப்புநீர் ஏரி, கிரெக் நோர்மன் வடிவமைத்த கோல்வ் மைதானம். ஊருக்குப் பணக்காரப் பெயர் கொடுத்தது அதுதான். பிறகு சோல்ற்வோட்டர் கோஸ்ற், அலமண்டா என்று ஒன்றன்பின் ஒன்றாக வந்தன. உப்புத்தண்ணீர் இப்போது விளம்பரப் பலகையில் விற்பனைப் பெயராகிவிட்டது.

2006 குடிசன மதிப்பில் 14,162 பேர் இருந்த ஊர், 2021 இல் 66,781 பேருக்குப் பெருகியது. வீடுகள் வந்த வேகத்தில் றோட்டு வரவில்லை. பக்கத்து வில்லியம்ஸ் லாண்டிங் ரயில் நிலையமே 2013 இல்தான் திறந்தது. காலையில் பிரதான வீதிக்கு ஏறக் கார்கள் நிற்கும் வரிசையை அங்கிருப்போர் அறிவர். எங்களில் பலர் இரண்டு வேலை செய்து இங்கே வீடு வாங்கியிருக்கிறார்கள். இன்னும் பலர் பிரிட்ஜிங் வீசாவோடு, நாளை என்னவென்று தெரியாமல், அந்த வீடுகளுக்கு ரைல்ஸ் பதித்தும் பெயின்ற் அடித்தும் கொடுத்திருக்கிறார்கள். இரண்டு பேருமே எங்கள் சனம்தான்.

அப்படியென்றால் வீடு வாங்கியது பிழையா? இல்லை. நாங்கள் துவக்கோடு கப்பலில் வந்தவர்கள் அல்ல. உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு வந்தவர்கள். ஆனால் 1992 ஜூன் 3 ஆம் திகதி மாபோ வழக்கில் உயர் நீதிமன்றம் "சொந்தக்காரர் இல்லாத நிலம்" என்ற வாதத்தைத் தூக்கி எறிந்தது. வழக்கைத் தொடுத்த எடி மாபோ அதைக் கேட்க உயிரோடு இல்லை; அந்த ஜனவரியிலேயே காலமாகிவிட்டார். அந்தத் தீர்ப்பும் எங்கள் வீட்டு உறுதிக்காணியை யாருக்கும் திருப்பிக் கொடுக்கச் சொல்லவில்லை. சொந்தக்காரர் இருந்தார்கள் என்ற உண்மையை ஒப்புக்கொள்ளச் சொல்லியது. இலங்கை அரசிடம் நாங்கள் கேட்டு நிற்பதில் முதலாவதும் அதுதானே? அங்கே கேட்பதை இங்கே கொடுக்க மறுப்பது நியாயமில்லை.

சித்திரை பிறக்கும் நேரம் சீத்தம் ஈரநிலத்தில் பறவைகள் புறப்பட்டு முடியும் காலம். முப்பது கிராம்கூட இல்லாத சின்னஞ்சிறு உள்ளான் சைபீரியா வரை பறந்து, முட்டையிட்டுக் குஞ்சு பொரித்து, ஆவணி புரட்டாதியில் திரும்பி வரும். முதல் வருடக் குஞ்சுகள் மட்டும் பெரியவற்றோடு போகாமல் இங்கேயே தங்கிவிடும். எங்கள் பிள்ளைகளைப் போல.

வருடப்பிறப்பன்று மருத்துநீர் வைத்து, கோயிலுக்கும் போய்வந்து, கைவிசேடமும் கொடுத்தபின் பின்னேரம் பிள்ளைகளை அந்தக் கரைக்குக் கூட்டிப் போங்கள். மணலாறு, பலாலி என்ற பெயர்களைச் சொல்லிக் கொடுங்கள். அதோடு யலுக்கிட் வில்லம் என்ற பெயரையும் சொல்லிக் கொடுங்கள். "இஞ்ச முந்தி ஒண்டுமில்லை" என்று மட்டும் சொல்லாதீர்கள்.

அனைவருக்கும் இனிய சித்திரைப் புத்தாண்டு வாழ்த்துக்கள்.