மல்வேர்னின் மறைந்த கடைகளும் சந்திகளும்

ரொறன்ரோ மாநகரின் வடகிழக்கு ஓரத்தில், 401ஆம் நெடுஞ்சாலைக்கு வடக்கே, மார்க்கம் வீதிக்கும் றூஜ் ஆற்றுப் பள்ளத்தாக்குக்கும் இடைப்பட்ட நிலப்பரப்பில் அமைந்துள்ள மல்வேர்ன், கரிபியன் தீவுகளிலிருந்தும் பிலிப்பைன்சிலிருந்தும் தென்னாசியாவிலிருந்தும் வந்தோர் கலந்து வாழும், மாநகரின் கிழக்குப் பகுதியான ஸ்காபரோவின் குடியிருப்புகளுள் ஒன்றாகும். 1990களிலும் அதற்கடுத்த பத்தாண்டிலும் ஈழத்தமிழர் இப்பகுதியிலும் இதன் சுற்றுவட்டத்திலும் நடத்திய பலசரக்குக் கடைகள், வீடியோ கசெற் கடைகள், தொலைபேசி அட்டைக் கடைகள் ஆகியவற்றுள் பெரும்பாலானவை இன்று இல்லை. அவற்றின் தோற்றத்தையும் மறைவையும் கடைக்காரரின் திறமை அல்லது அதிர்ஷ்டத்தைக் கொண்டு மட்டும் விளக்கிவிட முடியாது. புறநகரை வரைந்த திட்டம், தாயகத்தில் நடந்த போர், தொலைத்தொடர்பில் நேர்ந்த மாற்றம் ஆகிய மூன்றுமே அவற்றின் ஆயுளை நிர்ணயித்தன.

மல்வேர்னின் வணிக வரலாறு ஒரு நிறைவேறாத எதிர்பார்ப்புடன் தொடங்குகிறது. இங்கிலாந்தின் வூஸ்டர்ஷயர் மாவட்டத்தில் உள்ள ஓர் ஊரின் பெயரைச் சூட்டிக்கொண்ட இக்கிராமத்தில் 1850களில் அஞ்சலகம் அமைந்தது. 1856இல் ‘மார்க்கம் எக்கொனமிஸ்ட்’ என்னும் செய்தித்தாளை நிறுவியவரும் பின்னாளில் கனேடிய செனற் உறுப்பினரானவருமான டேவிட் றீசர் இங்கு நிலம் வாங்கி, மனைகளாகப் பிரித்து, ஸ்காபரோவின் வருங்காலத் தலைநகர் இதுவே என விளம்பரம் செய்தார். பொதுக்கடையும் கொல்லன் பட்டறையும் பயணிகள் விடுதியும் கொண்ட சிற்றூராக அது வளர்ந்தபோதிலும், 1871இல் வந்த ரொறன்ரோ-நிப்பிசிங் இருப்புப்பாதையும் 1884இல் வந்த ஒன்ராறியோ-கியூபெக் இருப்புப்பாதையும் மேற்கே இருந்த அஜின்கோர்ட்டையே நிலையமாகக் கொண்டமையால், வணிகமும் அங்கேயே சென்றது. அதன் பின்னர் ஏறத்தாழ நூறாண்டுக் காலம் மல்வேர்ன் வயல்களுக்கு நடுவே ஒரு குறுக்குச் சந்தியாகவே இருந்தது.

இரண்டாம் உலகப் போருக்குப் பின் வீட்டுத் தட்டுப்பாட்டைத் தீர்க்க முனைந்த அரசு, 1950களில் இங்கிருந்த பண்ணை நிலங்களைக் கையகப்படுத்தியது. வீடமைப்புக் கடன்களையும் திட்டங்களையும் கவனிப்பதற்காக 1946இல் அமைக்கப்பட்ட கூட்டரசு நிறுவனமான மத்திய அடைமான வீடமைப்புக் கூட்டுத்தாபனம் இம்முயற்சியில் முதன்மைப் பங்கு வகித்தது. எனினும், கட்டுமானம் 1970களின் தொடக்கத்திலேயே ஆரம்பமாயிற்று. நிலத்தை அரசிடமிருந்து குத்தகைக்குப் பெற்று வீட்டை மட்டும் சொந்தமாக்கிக்கொள்ளும் மாகாண அரசின் திட்டத்தினால், நடுத்தர வருமானத்துக்குச் சற்றுக் கீழே இருந்த குடும்பங்களும் இங்கு வீட்டுக்காரராக முடிந்தது. ஆகவே மல்வேர்ன், தானாக வளர்ந்த ஊராக இல்லாமல், அலுவலகத்தில் வரையப்பட்டுப் பின்னர் மண்ணில் எழுந்த ஊராக அமைந்தது.

கடைகளின் வரலாற்றைப் புரிந்துகொள்ள இவ்வரைபடம் இன்றியமையாதது. அக்காலத் திட்டமிடல் கோட்பாட்டின்படி, வீடுகள் வளைந்து செல்லும் உள்வீதிகளை நோக்கியும், அவற்றின் பின்வேலிகள் பெருவீதிகளை நோக்கியும் அமைக்கப்பட்டன. கடைகள் பெருவீதிகளின் ஓரங்களில் ஒதுக்கப்பட்ட சில இடங்களில் மட்டுமே அனுமதிக்கப்பட்டன. முன்புறம் வாகனத் தரிப்பிடமும் பின்புறம் ஒரே கூரையின்கீழ் வரிசையாகப் பல கடைகளும் கொண்ட, பிளாசா என வழங்கப்படும் கட்டட அமைப்பும், நீல்சன் வீதிக்கும் டாப்ஸ்கொட் வீதிக்கும் அருகில் எழுந்த மல்வேர்ன் ரவுன் சென்ரர் என்னும் உள்ளரங்கக் கடைத்தொகுதியுமே இவ்வூருக்குக் கடைத்தெருவாக வாய்த்தன. வீட்டின் முன்னறையைக் கடையாக்கும் வழக்கமோ, மூலைக்கடையிலிருந்து மெல்ல விரியும் தெருவோ இங்கு உருவாக இடமிருக்கவில்லை.

ஈழத்தமிழர் இத்தகைய ஊருக்கு நேரடியாக வந்தவர்கள் அல்லர். 1983 ஜூலை இனக்கலவரத்துக்குப் பின்னர் கனடாவில் தஞ்சமடைந்தவர்கள் பெரும்பாலும் ரொறன்ரோ நகர மையத்தில், பார்லிமென்ற் வீதிக்கும் வெல்லஸ்லி வீதிக்கும் அண்மையிலுள்ள சென் ஜேம்ஸ் ரவுன் அடுக்குமாடிகளில் குடியேறினர். 1986 ஆகஸ்டில் நியூபவுண்ட்லாந்துக் கரையருகே உயிர்காப்புப் படகுகளிலிருந்து மீட்கப்பட்ட 155 பேரின் வருகை, இக்குடிபெயர்வைக் கனடா முழுவதும் அறியச் செய்தது. அக்காலத்தில் தமிழர் மசாலைப் பொருள்களுக்கு ஜெரார்ட் வீதி இந்தியக் கடைகளையே நாடினர். அவ்வீதியின் வணிகமும் 1972இல் நாஸ் திரையரங்கு இந்தியப் படங்களைக் காட்டத் தொடங்கியதையொட்டி வளர்ந்ததாகும். குடும்பங்கள் ஒன்றிணைந்து, பிள்ளைகள் பிறந்து, வாடகைக்கு மாறாக அடைமானம் கட்டலாம் என்ற நிலை வந்தபோது, விலை குறைந்த வீடுகளைத் தேடி அவர்கள் கிழக்கு நோக்கி நகர்ந்தனர். 1990களில் ஸ்காபரோ தமிழரின் தலையாய வாழிடமாக மாறியபோது மல்வேர்னும் அதன் பகுதியாயிற்று.

கடை தொடங்க முதல் வேண்டும். கடன்வரலாறு இல்லாத புதியவருக்கு வங்கி கடன் கொடுப்பது அரிது. இந்த இடைவெளியைச் சீட்டு நிரப்பியது. சீட்டு என்பது, ஒருவரையொருவர் அறிந்த இருபது முப்பது பேர் மாதந்தோறும் ஒரு தொகை கட்டி, அவ்வாறு சேர்ந்த மொத்தத் தொகையை முறைவைத்தோ கழிவு கூறி ஏலம் எடுத்தோ ஒருவர் பெற்றுக்கொள்ளும், நம்பிக்கையை மட்டுமே பிணையாகக் கொண்ட சேமிப்பு முறையாகும். இரண்டு வேலை செய்து கட்டிய சீட்டை முன்கூட்டியே எடுத்துக் கடை திறந்தவர்கள் பலர். வாடகை மிகுந்த கடைத்தொகுதிக்குள் இடம்பிடிக்க இயலாதவர்கள், ஷெப்பர்ட், பிஞ்ச் பெருவீதிகளை ஒட்டிய தொழிற்பேட்டைகளில், பட்டறைகளுக்கும் களஞ்சியங்களுக்கும் என எழுப்பப்பட்ட யூனிற்றுகளை வாடகைக்கு எடுத்தனர். கார் திருத்துமிடத்துக்கு அடுத்த கதவில் புடவைக்கடையும், அதற்கடுத்த கதவில் நடனப் பள்ளியும் அமைந்தது இவ்வாறே. மார்க்கம் வீதியில், மல்வேர்னின் வடமேற்கே எழுந்த தென்னாசியக் கடைத்தொகுதி, கொழும்பு பம்பலப்பிட்டியின் புகழ்பெற்ற கடைத்தொகுதியின் பெயரையே ஏற்று மஜஸ்ரிக் சிற்றி என அழைக்கப்பட்டது.

அக்காலத் தமிழ்ப் பலசரக்குக் கடையின் உள்ளமைப்பு ஏறக்குறைய ஒரே மாதிரியானது. கண்ணாடிக் கதவை நடன அரங்கேற்ற, இசைநிகழ்ச்சி, ஊர்ச்சங்க ஒன்றுகூடல் சுவரொட்டிகளும், அவற்றுக்கிடையே அண்மையில் காலமானவரின் படத்துடன் கூடிய மரண அறிவித்தலும் மறைத்திருக்கும். உள்ளே நுழைந்ததும் காலடியில் இலவச வாரப் பத்திரிகைகளின் அடுக்குகள்; காசாளர் மேசையில் ரோல்ஸ், பற்றிஸ், வடை, மீன் பணிஸ் அடுக்கிய சூட்டுப்பெட்டி; அதன் பின்சுவரில் தொலைபேசி அட்டைகள். தட்டுகளில் வறுத்த அரிசிமாவும் ஒடியல் மாவும் யாழ்ப்பாணத்து முறையில் வறுத்தரைத்த மிளகாய்த்தூளும் வேப்பம்பூ வடகமும் பனங்கட்டியும் மலிபன் பிஸ்கற்றும் நெக்டோப் போத்தலும் இருக்க, ஆழ்குளிர்ப்பெட்டியில் விளைமீனும் கணவாயும் நண்டும் உறைந்து கிடக்கும். ஆட்டிறைச்சி, மரவள்ளி, வாழைக்காய், ஈரப்பலா போன்றவற்றைக் கரிபியன் அயலவரும் தேடிவந்தமையால், மல்வேர்ன் போன்ற இடங்களில் தமிழ்க்கடையும் மேற்கிந்தியக் கடையும் ஒன்றின் வாடிக்கையாளரை மற்றொன்று பகிர்ந்துகொண்டன.

இக்கடைகளோடு ஒட்டியோ தனித்தோ இயங்கியவை கசெற் கடைகளாகும். இந்தியாவிலும் இலங்கையிலும் வழங்கிய பால் ஒளிபரப்பு முறையில் பதிவான நாடாக்களை, வட அமெரிக்காவின் என்.ரி.எஸ்.சி. முறைக்கு அமைந்த கருவியில் பார்க்க இயலாது. எனவே, ஒரு முறையிலிருந்து மற்றொரு முறைக்கு மாற்றிப் படியெடுப்பதே அத்தொழிலின் அடிப்படை நுட்பமாக இருந்தது. வெள்ளி மாலை படங்களை வாடகைக்கு எடுத்து, வார இறுதியில் குடும்பமாகப் பார்த்துத் திருப்பிக் கொடுக்கும் பழக்கம், வாரம் இருமுறையேனும் ஒருவரைக் கடைக்கு வரவழைத்தது. குறுந்தட்டுகளும் பின்னர் செய்மதித் தொலைக்காட்சியும் இணையமும் அடுத்தடுத்து வந்தபோது, முதலில் மறைந்தவை இக்கடைகளே. பெரும் வலையமைப்புகளும் இதற்குத் தப்பவில்லை. பிளாக்பஸ்ரர் நிறுவனத்தின் கனேடியக் கிளைகள் 2011இல் மூடப்பட்டன.

தொலைபேசி அட்டையின் வரலாறு இன்னும் நெருக்கமாகப் போருடன் பிணைந்தது. கனடாவின் வெளிநாட்டுத் தொலைபேசி இணைப்புகளில் டெலிகுளோப் நிறுவனம் கொண்டிருந்த தனியுரிமை 1998 அக்டோபரில் முடிவுக்கு வந்தது. அதன் பின்னர் நிறுவனங்கள் போட்டியிட்டு, முன்பணம் செலுத்திய அட்டைகளை மலிவாக விற்றன. ஆனால் யாழ்ப்பாணத்தில் போரினால் பல ஆண்டுகள் தொலைபேசி இணைப்பு அற்றுப்போயிருந்தமையால், அங்குள்ளோர் வவுனியாவுக்கோ கொழும்புக்கோ வந்து தொடர்பு நிலையம் ஒன்றில் காத்திருந்தே உறவினரின் குரலைக் கேட்க வேண்டியிருந்தது. அழைப்புக்கு நாள் குறிப்பதும், எந்த அட்டையில் எத்தனை நிமிடம் உண்மையில் கிடைக்கிறது என்று விசாரிப்பதும், உண்டியல் எனப்பட்ட வங்கிசாராப் பணமாற்று முறையில் பணம் சேர்ந்ததா என உறுதிசெய்வதும் கடை மேசையருகிலேயே நிகழ்ந்தன. 2004 ஆழிப்பேரலைக்குப் பின் நிதி சேர்க்கும் பெட்டிகளும், 2009இல் போரின் இறுதி மாதங்களில் ஆர்ப்பாட்ட அறிவித்தல்களும் இதே மேசைகளிலும் கதவுகளிலும் இடம்பெற்றன.

யாழ்ப்பாணக் கிராமங்களில் மக்கள் கூடுமிடம் சந்தியாகும். இரு வீதிகள் வெட்டிக்கொள்ளும் அவ்விடத்தில் தேத்தண்ணிக்கடையும், பத்திரிகைகளைப் பொதுவில் வாசிப்பதற்கான வாசிகசாலையும் அருகருகே இருக்கும். வீதிகள் வெட்டிக்கொள்ளும் இடமெங்கும் வாகனங்களே நிறைந்த மல்வேர்னில், சந்தியின் பணிகள் பல இடங்களுக்குப் பிரிந்து சென்றன. கோப்பியும் டோனற்றும் விற்கும் கடைகள் முதிய ஆண்களின் தேத்தண்ணிக்கடையாயின. கடைத்தொகுதியின் அருகே செவல்ஸ் வீதியில் உள்ள பொதுநூலகக் கிளை, தமிழ் நூல்களையும், ரீற்றா கொக்ஸ் பெயரிலான கறுப்பின, கரிபிய மரபுரிமைத் தொகுப்பையும் ஒருங்கே கொண்டு, வாசிகசாலையாக விளங்கியது. பேரப்பிள்ளைகளைப் பார்ப்பதற்கென அழைத்துவரப்பட்ட மூதாட்டியருக்கு, பனிக்காலத்தில் நடந்து திரிவதற்குக் கடைத்தொகுதியின் சூடேற்றிய நடைபாதையை விட்டால் வேறிடமில்லை. இளைஞரின் நிலை வேறு: கூட்டமாக நின்றாலே காவலரின் பார்வைக்கு ஆளாகும் சூழலில், அவர்கள் பிளாசாக்களின் தரிப்பிடங்களையே நாடினர். லெனின் எம். சிவம் இயக்கி 2009இல் வெளிவந்த ‘1999’ என்னும் தமிழ்த் திரைப்படம் ஸ்காபரோவின் அத்தகைய இளைஞர் உலகைக் களமாகக் கொண்டது.

2000களின் பிற்பகுதியிலிருந்து இவ்வமைப்பு தளர்ந்தது. வசதி பெருகிய குடும்பங்கள் வடக்கே ஸ்ரீல்ஸ் வீதியைக் கடந்து மார்க்கம் நகருக்கும், கிழக்கே ஏஜக்ஸ் நகருக்கும் பெயர்ந்தன; அவர்களைப் பின்தொடர்ந்து பெரிய தமிழ்ப் பல்பொருள் அங்காடிகள் வடக்கே தோன்றின. கனேடிய மளிகை வலையமைப்புகளும் தேங்காய்ப்பாலையும் கறிவேப்பிலையையும் தம் தட்டுகளில் வைக்கத் தொடங்கின. அட்டையின் இடத்தைக் கைபேசிச் செயலிகளும், சுவரொட்டியின் இடத்தை வட்ஸ்அப் குழுக்களும் எடுத்துக்கொண்டன. உண்மையில், பலசரக்கின் இலாபத்தை மட்டும் நம்பி அச்சிறுகடைகள் இயங்கியதில்லை; அட்டையும் கசெற்றும் பணமாற்றும் கொண்டுவந்த நடமாட்டமே அவற்றைத் தாங்கிநின்றது. நடமாட்டம் குறைந்தபின் வாடகை ஏற்றத்தை அவற்றால் ஈடுசெய்ய இயலவில்லை.

போக்குவரத்தும் பழைய கதையையே மீண்டும் எழுதியது. 1985இல் திறக்கப்பட்ட ஸ்காபரோ இலகு தொடருந்தை மல்வேர்ன் வரை நீட்டும் திட்டம் நிறைவேறவில்லை. 2007இல் அறிவிக்கப்பட்ட ‘ட்ரான்சிற் சிற்றி’ திட்டத்தில் இடம்பெற்ற ஸ்காபரோ-மல்வேர்ன் தடமும் வரைபடத்திலேயே தங்கிற்று. இருந்த தொடருந்தும் 2023 ஜூலை 24இல் ஒரு பெட்டி தடம்புரண்டதன் பின் மீண்டும் ஓடவில்லை. றீசரின் கிராமத்தை இருப்புப்பாதை ஒதுக்கிச் சென்றதுபோல, அரசு வரைந்த மல்வேர்னையும் தொடருந்து எட்டவில்லை. பேருந்தை நம்பிய வாடிக்கையாளர் அயலிலேயே வாங்கியமையால் சிறுகடைகள் தோன்றின. அவர்களே காரும் புதுவீடும் வாங்கியபோது அக்கடைகள் தனித்துவிடப்பட்டன.

இக்கடைகள் நிறுவன ஆவணங்களை விட்டுச்செல்லவில்லை. பெயர்ப்பலகை இறக்கப்பட்ட மறுநாளே யூனிற் வேறொருவருக்குரியதாகிவிடுகிறது. எஞ்சியிருப்பவை கடைகள் வாடிக்கையாளருக்கு இலவசமாக வழங்கிய தமிழ் நாட்காட்டிகள், வர்த்தகக் கைநூல்கள், வாரப் பத்திரிகை விளம்பரங்கள், பற்றுச்சீட்டுகள், திருமண ஒளிநாடாக்களின் ஓரங்களில் தற்செயலாகப் பதிவான கடைவாசல்கள் ஆகியவையே. 2005இல் தொடங்கப்பட்ட ‘நூலகம்’ என்னும் எண்ணிம நூலகம் ஈழத்தமிழரின் அச்சு ஆவணங்களைச் சேகரித்து வருகிறது. ரொறன்ரோ பல்கலைக்கழகத்தின் ஸ்காபரோ வளாகமும் தமிழியல் இருக்கை ஒன்றைப் பெற்றுள்ளது. நிலவறைகளிலும் அலுமாரிகளின் அடித்தட்டுகளிலும் கிடக்கும் அத்தாள்களை வைத்திருப்போர், அடுத்த வீடுமாற்றத்தின்போது அவற்றைக் குப்பையில் இடுவதற்கு முன்னர், இத்தகைய நிறுவனங்களிடம் ஒப்படைக்க வேண்டும். கடை நடத்தியவர்களின் வாய்மொழி வரலாறும் அவர்கள் நினைவோடு இருக்கும்போதே பதிவுசெய்யப்பட வேண்டும்.