உருளைக்கிழங்கு தோல் சீவிய தேவதை: டெல்ஃபின் செரிக்

இன்னைக்கு எபிசோட ஒரு வாக்குமூலத்தோட ஆரம்பிக்கிறேன்.

'சைட் அண்ட் சவுண்ட்' பத்திரிகை பத்து வருஷத்துக்கு ஒருமுறை விமர்சகர்கள்கிட்ட ஓட்டு வாங்கி, உலகின் தலைசிறந்த படங்கள்னு ஒரு பட்டியல் போடும். 2022-ல அதுல முதலிடம் பிடிச்சது 'ழான் தீல்மான்' (1975). ஒரு பெண் இயக்கிய படம் அந்த இடத்துக்கு வந்தது அதுதான் முதல் தடவை. சரி, பார்த்துடலாம்னு ஒரு வெள்ளிக்கிழமை ராத்திரி உட்கார்ந்தேன். 201 நிமிஷம். ஒரு அம்மா உருளைக்கிழங்கு தோல் சீவுறாங்க, பாத்திரம் கழுவுறாங்க, படுக்கையைச் சரி பண்றாங்க. அரை மணி நேரத்துல ஒன்றரை மடங்கு வேகத்துல ஓட விட்டுட்டேன்.

பெரிய தப்பு. ஏன் தப்புன்னு புரியணும்னா, அந்த அம்மாவா நடிச்சவங்க யாருன்னு தெரியணும்.

டெல்ஃபின் செரிக் 1932-ல பெய்ரூட்டில் பிறந்தவங்க. அப்பா தொல்லியல் அறிஞர். பிரான்ஸில் நாடக மேடையில ஆரம்பிச்சு, 1950-களில் நியூயார்க் போய் ஆக்டர்ஸ் ஸ்டுடியோவில் பயிற்சி எடுத்தாங்க. அங்க ஒரு இப்சன் நாடகத்துல அவங்களைப் பார்த்தவர் இயக்குநர் அலென் ரெனே. அவரோட 'லாஸ்ட் இயர் அட் மரியன்பாத்' 1961-ல வெனிஸ் விழாவின் தங்கச் சிங்கம் விருதை வாங்குச்சு. பெரிய மாளிகை, ஷனெல் உடைகள், பேர் கூட இல்லாத ஒரு மர்மமான பெண். அந்த ஒரே படத்துல செரிக் ஒரு கனவுப் பெண்ணா மாறிட்டாங்க.

ஆனா ஒரே அச்சுல நிக்கிற ஆள் இல்லை அவங்க. ரெனேவோட அடுத்த படம் 'மூரியல்'ல, அழகைப் பத்திக் கவலைப்படாம, பதற்றமான ஒரு நடுத்தர வயசுப் பெண்ணா நடிச்சு, 1963-ல வெனிஸ்ல சிறந்த நடிகை விருது வாங்கினாங்க. மேடையில பின்டர் நாடகங்கள். திரூஃபோ படத்துல செருப்புக் கடைக்காரரோட மனைவி. ழாக் தெமியோட 'கழுதைத் தோல்' படத்துல தேவதை. 'டாட்டர்ஸ் ஆஃப் டார்க்னஸ்'ல ரத்தம் குடிக்கிற சீமாட்டி. புனுவல் படத்துல பணக்கார வீட்டுப் பெண். இந்தப் பட்டியல் பூரா ஒரே ஆள்!

இப்போ 1971-க்கு வருவோம். பிரான்ஸில் அப்போ கருக்கலைப்பு சட்டப்படி குற்றம். "நானும் கருக்கலைப்பு செஞ்சிருக்கேன்"னு 343 பெண்கள் கையெழுத்து போட்ட அறிக்கை ஒரு வார இதழ்ல வெளிவந்தது. அதுல செரிக் பேரும் இருந்துச்சு. அடுத்த வருஷம் பொபிஞ்யி நகரத்துல கருக்கலைப்பு வழக்கு ஒண்ணு நடந்தப்போ, நீதிமன்றத்துக்கே போய் சாட்சி சொன்னாங்க. ரசிகர்களுக்கு எட்டாத கனவா இருந்த ஒரு நடிகை, தன் உடம்பைப் பத்தி ஊரறியப் பேசுறாங்க. அந்தக் காலத்துல அது சாதாரண விஷயம் இல்லை.

1975 கான் விழாவுல செரிக் நடிச்ச மூணு படங்கள் திரையிடப்பட்டன. மூணையும் இயக்கினது பெண்கள். லிலியான் தெ கெர்மாதெக்கின் 'அலோயீஸ்'. மார்கரித் துராஸின் 'இந்தியா சாங்'. அது கல்கத்தாவுல நடக்கிற கதை, ஆனா ஷூட்டிங் முழுக்க பிரான்ஸ்ல. திரையில யாரும் வாய் திறந்து பேசுறதில்லை, குரல்கள் எல்லாம் வெளியே இருந்துதான் வரும். மூணாவது, நான் வேகமா ஓட்டின படம். அதோட இயக்குநர் ஷாந்தால் அக்கெர்மானுக்கு அப்போ வெறும் 24 வயசு. படக்குழுவுலயும் பெரும்பாலும் பெண்கள்தான்.

ஏன் அந்த ரோலுக்கு செரிக்? வீட்டு வேலை செய்யற ஒரு சாதாரண அம்மாவை யாரும் கவனிச்சுப் பார்க்க மாட்டாங்க. பழகிப்போன காட்சி அது. ஆனா அந்த மரியன்பாத் சீமாட்டி, அந்த தேவதை, கிழங்கு சீவினா? கண்ணு தானா நின்னு பார்க்கும். அக்கெர்மான் இதே அர்த்தத்துல பின்னாடி சொல்லியிருக்காங்க. அதாவது, பதினஞ்சு வருஷமா சேர்த்த நட்சத்திர மதிப்பு முழுசையும் செரிக் ஒரு சமையலறைக்குள்ள கொண்டுவந்து வெச்சாங்க.

அதே சமயத்துல கேமராவையும் கையில எடுத்தாங்க. கரோல் ரூசோபுலோஸ்கிட்ட வீடியோ கத்துக்கிட்டு, இருபதுக்கும் மேற்பட்ட நடிகைகளைப் பேட்டி எடுத்தாங்க. "நீங்க ஆணா பிறந்திருந்தா நடிகராகியிருப்பீங்களா?" இதுதான் அதுல முக்கியமான கேள்வி. செரிக் கூட 'எ டால்ஸ் ஹவுஸ்' படத்துல நடிச்ச ஜேன் ஃபோண்டா, ஹாலிவுட்ல தன்னோட முகத்தையே மாத்தச் சொன்ன கதையை அதுல சொல்றாங்க. அந்தப் படத்தோட பேரு 'அழகா இரு, வாயை மூடு'. வெளிவந்தது 1981-ல.

அடுத்த வருஷம் கரோல், யோவானா வீடர் ரெண்டு பேரோட சேர்ந்து, பெண்கள் எடுத்த வீடியோக்களைப் பாதுகாக்க சிமோன் தெ போவ்வார் ஆடியோவிஷுவல் மையத்தைத் தொடங்கினாங்க. 1990-ல, 58 வயசுல காலமானாங்க. அந்த மையம் இன்னைக்கும் இயங்குது.

ரெண்டாவது தடவை 'ழான் தீல்மான்' படத்தைச் சாதாரண வேகத்துலயே பார்த்தேன். ரெண்டாம் நாள் கதையில கிழங்கு அதிகமா வெந்துபோகுது. பணம் வைக்கிற பீங்கான் பாத்திரத்தை மூட மறந்துடறாங்க. ஒரு பட்டன் போடாம விட்டுடறாங்க. வசனமே இல்லை, ஆனா ஒரு வாழ்க்கை சரியறது தெரியுது. ஒன்றரை மடங்கு வேகத்துல இது எதுவுமே என் கண்ணுல படலை.

அதுக்கப்புறம் என்ன நடக்குதுன்னு சொல்ல மாட்டேன். ஒரு லீவு நாள் பாருங்க. வேகத்தை மட்டும் தொடாதீங்க. அடுத்த எபிசோட்ல சந்திப்போம்.