பெண்பெயர் பூண்ட போர்க்கலை

சீனத்துக் கைப்போர் முறைகளுள் பெண்ணொருத்தியின் பெயரால் வழங்குவது விங் சுன். சாவோலின் மடத்துப் பெண்துறவி நங் முய், யிம் விங் சுன் என்னுங் கன்னிக்கு இதனைக் கற்பித்தாள் என்பர். அக்காலத்து எழுத்துச் சான்று யாதுமில்லாத இக்கதையை வரலாறென நாம் கொள்ளோம். 19-ஆம் நூற்றாண்டிற் குவாங்டுங் மாகாணத்துப் போஷான் நகரில் வாழ்ந்த லியுங் ஜான் என்னும் வைத்தியரிடமிருந்தே செய்தி சற்றுத் தெளிவுறுகின்றது.

எனினும், முறையை நோக்குவோர் கதை எழுந்த காரணத்தை உணர்வர். ஹுங் கார் முறையினர் குதிரைமீதிருப்பார்போற் கால்களை அகல ஊன்றித் தோள்வலியால் தாக்குவர். வடசீனத்தார் தாவியும் உயர உதைத்தும் பொருவர். விங் சுன் பயின்றோரோ குறுகிய நிலையில் நின்று, உடலின் நடுக்கோட்டைக் காத்து, அக்கோட்டின் வழியே நேராகக் குத்துவர். உதையும் பெரும்பாலும் இடுப்புக்கு மேற்செல்லாது. தடுத்தலும் தாக்கலும் ஒரே கணத்தில் நிகழும். எதிரியின் கையோடு கையொட்டி, அவன் விசையைத் தொடுவுணர்வால் அறியும் பயிற்சியே இதன் உயிர். வெறுங்கைப் பாடங்கள் 3 மட்டுமே. பருத்த உடல் வேண்டுவதன்று. பெண்ணுக்குக் கைவலி எதற்கென்பார் நம்மிடையே இன்னும் உளர். அவர் இதனைக் காண்பாராக.

1949-இல் ஹாங்காங் சென்ற இப் மான், மறு ஆண்டில் உணவுக்கடைத் தொழிலாளர் சங்கத்தில் இதனைக் கற்பிக்கத் தொடங்கினார். ஆங்கு அவரிடம் முதலிற் பயின்றோர் உணவுக்கடைகளில் உழைத்தவரே. நடிகர் புரூஸ் லீ வந்தது பின்னர்.