வன்னித் தமிழ்: ஆய்வு மூலங்களும் கருவிகளும்

வட இலங்கையின் வன்னிப் பெருநிலத்தின் தமிழை ஆராய்வதற்கான மூலங்கள் கல்வெட்டு, ஏடு, அரசாங்கப் பதிவு, ஊர்ப்பெயர், வாய்மொழிப் பாடல் எனப் பலவிடத்தும் சிதறிக் கிடப்பவை. அவற்றுள் மிகப் பழையவற்றில் ஒன்று வவுனியா மாவட்டத்துப் பெரியபுளியங்குளம் பிராமிக் கல்வெட்டு. பிராகிருதத்தில் அமைந்த அது, விசாகன் என்னும் தமிழ் வணிகனைக் குறிப்பிடுகிறது. சேனரத் பரணவிதான 1970இல் வெளியிட்ட தொகுதியில் அதன் வாசகம் இடம்பெற்றுள்ளது.

வன்னிக் குடியேற்றத்தைக் கூறும் வையாபாடலைக் க. செ. நடராசா பதிப்பிக்க, கொழும்புத் தமிழ்ச் சங்கம் 1980இல் வெளியிட்டது. பிரித்தானிய ஆட்சிக்கால அதிகாரியான கியூ நெவில் ஈழத்தில் திரட்டிய ஏடுகளோ இலண்டனிலுள்ள பிரித்தானிய நூலகத்தில் இருக்கின்றன.

ஜே. பி. லூயிஸ் 1895இல் வெளியிட்ட வன்னி மாவட்டங்களின் கையேடு நிருவாகத் தேவைக்கு எழுதப்பட்டது. எனினும் இவ்வட்டாரத்தை ஆராய்வோர் அதைத் தவிர்க்க இயலாது. வன்னி ஊர்ப்பெயர்களைப் பற்றியும் அவர் தனியே எழுதினார். அது பொருத்தமான தெரிவு. எழுதி வைக்கப்படாத நில வரலாறு ஊர்ப்பெயர்களில் பதிந்திருக்கிறது. கனகராயன்குளம், மாங்குளம், செட்டிகுளம் என்பவை குளத்தைச் சுற்றிக் குடி அமைந்ததைச் சொல்கின்றன. தண்ணிமுறிப்பில் உள்ள முறிப்பு உடைந்த அணைக்கட்டைச் சுட்டும். முத்தையன்கட்டில் கட்டு அணையையே குறிக்கும். கேணி, மோட்டை, மடு என விரியும் ஈறுகளை நீர்நிலை வரைபடத்தோடு ஒப்பிட்டால்தான் அவற்றின் பொருள் துலங்கும். எனவே அகராதியைப் போலவே பழைய நில அளவைப் படங்களும் இங்கு மொழியாய்வுக் கருவிகளே.

வயற்சொற்களுக்கு நாட்டார் பாடல்களே முதன்மைச் சான்று. செ. மெற்றாஸ்மயில் தொகுத்த வன்னிவள நாட்டுப் பாடல்கள் அவ்வகையில் பெறுமதியானது. அருவிவெட்டு (கதிர் அறுத்தல்), சூடுமிதிப்பு (நெற்கதிர் மிதித்தல்), பொலி (நெற்குவியல்) போன்ற சொற்களின் உயிர்ப்பான பயன்பாட்டைத் தொழிற்பாடல்களில் காணலாம்.

1981இல் எரிக்கப்பட்ட யாழ்ப்பாணப் பொதுநூலகத்தோடு வடக்கின் ஆய்வு மூலங்கள் பெருமளவு அழிந்தன. 2009இல் முடிந்த உள்நாட்டுப் போரில் வன்னி மக்கள் மீண்டும் மீண்டும் இடம்பெயர்ந்தபோது வீட்டு ஏடுகளும் கையெழுத்துப் பிரதிகளும் தொலைந்தன. 2005இல் தொடங்கிய ‘நூலகம்’ என்னும் எண்ணிம நூலகம், எஞ்சிய நூல்களையும் இதழ்களையும் எவரும் வாசிக்கத் தருகிறது. இத்தகைய ஆய்வுக்கு வன்னியிலேயே இடமாகக்கூடிய, யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தின் வவுனியா வளாகம் 2021இல் தனிப் பல்கலைக்கழகமாயிற்று. கணினித் துறையில் க. சர்வேஸ்வரன் முதலியோர் உருவாக்கிய தமிழி உருபனியல் பகுப்பாய்வி சொற்களைப் பிரித்தாய உதவுகிறது. அத்தகைய கருவிகள் பெரும்பாலும் எழுத்துத் தமிழையே சார்ந்தவை. வன்னிப் பேச்சை ஆராய முதியோரின் உரையாடலைக் களத்தில் ஒலிப்பதிவு செய்து, இடமும் தொழிலும் குறித்து எழுத்துப்படுத்த வேண்டியுள்ளது. அறுவடை இயந்திரம் பரவியபின் சூட்டுக்களச் சொற்கள் வழக்கிழந்து வருவதால் இப்பணி அவசரமானது.