பொன்னும் பொன்போன்றதும்: உலோக ஒளியைத் தீட்டிய வரலாறு

ஓவியத்திற் பொன்னைக் காட்டுதற்கு இரு வழிகள் உள. பொன்னையே எடுத்து ஒட்டுதல் ஒன்று. பொன்னின்றிப் பொன்னெனத் தோன்றச் செய்தல் மற்றொன்று. இன்று கணினித் திரையில் ஆடை வடிவமைப்போர் சரிகைக் கரையை வரையுங்கால் எதிர்கொள்ளும் சிக்கல் புதியதன்று. தென்னிந்திய ஓவிய வரலாற்றில் அது முன்னரே எழுந்ததாகும்.

முதலாவது வழிக்குத் தஞ்சாவூர் ஓவியம் தக்க சான்றாகும். 1798 முதல் 1832 வரை ஆண்ட மராத்திய மன்னன் இரண்டாம் சரபோசியின் காலத்தில் இக்கலை செழித்தது. பலகைமீது துணியை ஒட்டி, சுண்ணப்பொடியும் பசையும் கலந்த பூச்சினால் அணிகலன்களையும் ஆடைக்கரைகளையும் புடைப்பாக அமைத்து, அவற்றின்மேல் தங்கரேக்கைப் பதித்தனர். இங்கு ஒளிர்வது மெய்யான உலோகமே. காண்போர் அசையுந்தோறும் ஒளியும் இடம்பெயரும். ஆயின் ஆடை மடிப்பின் மேடும் பள்ளமும் ஒளியால் வேறுபடுத்தப்படுவதில்லை.

இரண்டாவது வழியை ஐரோப்பாவில் வற்புறுத்தியவர்களுள் இத்தாலிய அறிஞர் அல்பேர்ட்டி ஒருவர். பொன்னைப் பயன்படுத்தாது வண்ணங்களாலேயே பொன்னொளியைக் காட்டும் ஓவியனே கூடிய பாராட்டுக்குரியவன் என்பது 1435இல் அவர் எழுதிய ஓவியநூலிற் காணப்படும் கருத்தாகும். ஐரோப்பியத் தைலவண்ண முறையைக் கைக்கொண்ட ரவிவர்மா (1848–1906) இவ்வழியையே தென்னாட்டுச் சேலைகளுக்கும் நகைகளுக்கும் பொருத்தினார். அவருடைய சரிகையிற் பொன் இல்லை. கபிலமும் மஞ்சளும், மடிப்பின் முகட்டில் வெண்மையை அண்மிய சிறு தீற்றலுமே உள.

இதனைக் கொண்டு தஞ்சாவூர் முறையினும் ரவிவர்மாவின் முறை வளர்ச்சியுற்றது என முடிவுகட்டுதல் பொருந்தாது. 1894இல் பம்பாயில் அவர் நிறுவிய அச்சகத்தின் வண்ணப்படங்கள் இல்லந்தோறும் பரவியபோது, அவற்றிற் சிலவற்றின்மீது மக்கள் மெய்யான சரிகையையும் துணியையும் தைத்து அழகுபடுத்தினர். பொன்னின் தோற்றம் மட்டும் அவர்களுக்குப் போதவில்லை. வழிபடும் உருவுக்குப் பொன் ஒரு காணிக்கை. அதனைத் தோற்றத்தால் ஈடுசெய்தல் இயலாது.

கணினி ஓவியன் ரவிவர்மாவின் வழித்தோன்றல் எனலாம். திரையில் உள்ளவை சிவப்பு, பச்சை, நீலம் ஆகிய மூவொளிகளே. பொன்னிறம் எனத் தனியொன்று இல்லை. மஞ்சளைச் சீராகப் பூசினால் அது மஞ்சட்டுணியாகவே தோன்றும். உலோகம் தன்னைச் சூழ்ந்தவற்றைப் பிரதிபலிப்பதாதலின், இருளும் ஒளியும் நெருங்கி நின்று சடுதியாக மாறுதல் வேண்டும். அன்றியும், நெகிழியின் மினுக்கம் விளக்கின் வெண்மையையே காட்ட, பொன்னோ தன்மீது பட்ட ஒளிக்கும் தன்னிறத்தையே ஏற்றும். இவ்விரண்டும் தவறின் உலோகத்தோற்றம் உண்டாகாது.

இத்திறன் வளர வளர வேறொரு வினா எழுகின்றது. பட்டிழையிற் சுற்றிய வெள்ளிக்கம்பிக்குப் பொன்முலாம் பூசிய சரிகையும், செப்புச் சரிகையும், உலோகம் படிந்த பொலியெஸ்டர்ச் சரிகையும் திரையில் ஒரே ஒளியைப் பெறுதல் கூடும். கிண்ணியாவில் மணப்பெண்ணின் உடைக்காகப் பணம் சேர்த்த ஒரு குடும்பம் படத்தை மட்டும் நோக்கி இவற்றைப் பிரித்தறிதல் அரிது. சரிகை எத்தகையது என்பதைப் படத்தோடு எழுதிவைத்தல் வடிவமைப்போரின் கடனாகும். தஞ்சாவூர்ப் பலகை தன் பொன்னைத் தானே தாங்கி நின்றது. திரையின் பொன்னுக்கோ வரைந்தவரின் நேர்மையே உரைகல்லாகும்.